மணி ஒலித்ததை அறிந்தும்

ஞாயிற்றுக்கிழமை,
மாடி அறை.

என் அன்புக்குரிய வக்கீலம்மாவுக்கு,

நலம். உன் நலமும் உன் கைத்தடியின் நலமும் அறிய ஆவல். பேருந்துக் கதவில் சிக்கி வளைந்துபோனதே, அதை நிமிர்த்தினாயா, இல்லை இன்னும் அந்தக் கோணல் தடியோடுதான் வகுப்புக்குப் போகிறாயா?

இதை இப்போது உன் கணினிக்குள் இருக்கும் குரல்காரி படித்துக்கொண்டிருப்பாள். அவள் எல்லாவற்றையும் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரியே படிக்கிறாள் என்று நீதானே சொன்னாய். நான் கோபமாக எழுதியிருக்கும் இடத்தில் நீயே கொஞ்சம் கோபத்தைச் சேர்த்துக்கொள். விடுதி அறையில் யாராவது இருந்தால் காதில் மாட்டிக்கொண்டு கேள். நம் வம்பு ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம்.

ஒரு போன் போட்டுப் பேசிக்கொள்ளக் கூடாதா என்று அம்மா கேட்கிறாள். நீ போனில் பேசினால் எனக்குக் கேட்காது. நான் வீடியோவில் வந்து நின்றால் உனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக மிச்சம் இருப்பது எழுத்து ஒன்றுதான் என்று சொன்னால், "என்னமோ போங்கடி" என்கிறாள்.

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். வேலை நன்றாக இருக்கிறது, நிஜமாகத்தான். இழப்பீட்டுப் பிரிவு. யாருடைய கடையோ எரிந்துபோகும், யாருடைய காரோ வெள்ளத்தில் மூழ்கும். அந்தப் படங்களும் பில்களும் என் மேசைக்கு வரும். போனதாகச் சொல்வது உண்மையிலேயே போனதா, கேட்கிற தொகை நியாயமா என்று பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். போன வாரம் ஒரு ஆள், தன் கடையில் எரிந்த நாற்காலிகள் என்று ஒரு கணக்குக் கொடுத்திருந்தான். அத்தனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்கூட அந்தக் கடைக்குள் அடங்காது. அறையின் அளவைப் போட்டுக் காட்டினேன். எங்கள் குழுத்தலைவர் என் மேசை வரைக்கும் வந்து, என் எதிரே நின்று, உதடு தெரியும்படி "பலே" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன்.

மதியச் சாப்பாட்டு நேரம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. நீள மேசை, அதைச் சுற்றி எங்கள் பிரிவு முழுக்க. ஒரே நேரத்தில் ஏழெட்டு வாய். ஒரு வாயைப் பிடித்து என்ன சொல்கிறது என்று படித்து முடிப்பதற்குள் பேச்சு மூன்று வாய் தாண்டிப் போய்விடுகிறது. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், எப்போதும் ஒரு நொடி தாமதமாக. என்ன விஷயம் என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்டால், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். கெட்டவர்களாக இருந்தால் சண்டையாவது போடலாம். இப்போதெல்லாம் வேலை நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு டப்பாவை என் மேசையிலேயே திறந்துவிடுகிறேன். அம்மாவிடம் எனக்கு இங்கே தோழிகள் கூட்டம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீ உளறிவிடாதே.

அறை பரவாயில்லை. வீட்டுக்கார அம்மா கீழே இருக்கிறார். முதல் வாரம் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "திமிர் பிடிச்ச பொண்ணு" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். இப்போது கதவுக்கடியில் ஒரு அட்டையை விட்டு ஆட்டுகிறார். விடுதியில் நம் அறையில் விளக்கை அணைத்தால் எனக்குப் பேச்சு நின்றுபோய்விடும் என்று, விளக்கே தேவைப்படாத நீ எனக்காக அதை எரியவிட்டு வம்பளந்துகொண்டிருப்பாய். இங்கே விளக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எரிகிறது. பேசத்தான் ஆள் இல்லை. மின்சாரச் செலவு மட்டும் ஏறுகிறது என்று வீட்டுக்கார அம்மா அட்டையில் எழுதி அனுப்பினார்.

இப்போது உனக்கான செய்தி. எங்கள் மாடியிலேயே மறுகோடியில் தொலைபேசிப் பிரிவு இருக்கிறது. இழப்பு நேர்ந்தவர்கள் முதலில் கூப்பிடுவது அங்கேதான். அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், என்ன நடந்தது என்றே சொல்லத் தெரியாதவர்கள், எல்லோரையும் பொறுமையாகக் கேட்டுக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். உன் படிப்பு முடிகிற சமயத்தில் அங்கே ஒரு இடம் காலியாகிறது. என்னை எடுத்த மாதிரியே, நம் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான வேலை வழிகாட்டிப் பிரிவு வழியாகத்தான் எடுக்கப்போகிறார்களாம். அந்தப் பிரிவின் தலைவி, நாம் 'எழுத்துல வாங்கு' மேடம் என்று பெயர் வைத்தோமே, அவர் உன் பெயரைத்தான் அனுப்பியிருக்கிறார். எனக்கு நேற்றிலிருந்து தலைகால் புரியவில்லை.

எதைக் கேட்டாலும் எழுத்தில் கேள் என்று அவர் எனக்குச் சொல்லி அனுப்பியதைத்தான் நான் இன்னும் செய்யவில்லை. சேர்ந்த அன்றே, எச்சரிக்கை மணி அடித்தால் எனக்குத் தெரியும்படி மேசையில் மின்னும் விளக்கு ஒன்று வேண்டும் என்று பணியாளர் பிரிவு அதிகாரியிடம் வாயால் கேட்டேன். அவர் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்பவர். சிரிக்கிற உதட்டைப் படிப்பது மாதிரி கஷ்டம் வேறு கிடையாது. "ஆகட்டும், பாக்கலாம்" என்று சொன்னதாகத்தான் புரிந்தது. வந்ததும் வராததுமாக நச்சரிக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். நீ இப்போது பல்லைக் கடிப்பது இங்கே வரை தெரிகிறது.

படி. நன்றாகப் படி. சீக்கிரம் வந்து சேர்.

உனக்காக இடம் பிடித்து வைத்திருக்கும்,
உன் செவிட்டுப் பிசாசு.


புதன்கிழமை,
அலுவலகம் விடுமுறை.

வக்கீலம்மா,

முதலில் ஒன்று, நான் நன்றாக இருக்கிறேன். தொண்டை மட்டும் கொஞ்சம் கரகரப்பு. மீதியைப் படித்துவிட்டு அழாதே, அழுதால் அந்தக் குரல்காரிக்கு உன்னைத் தேற்றத் தெரியாது.

திங்கள் மதியம் எங்கள் கட்டடத்தில் தீப்பிடித்தது. முதல் மாடி மின்சார அறை. பெரிய தீ இல்லை, புகைதான் பெரிசு.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். வேலையில் இருந்து தலை நிமிர்ந்து பார்த்தேன், மாடி முழுக்கக் காலி. மேல் மாடியில் யாருக்கோ பதவி உயர்வு, கேக் வெட்டியிருக்கிறார்கள். உதட்டோரம் க்ரீமோடு திரும்பி வந்தார்கள். எனக்குச் சொல்லவே இல்லையே என்றால், எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாத்தானே சொன்னோம் என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. சொல்லித்தான் இருப்பார்கள். நான் சிரித்து மழுப்பினேன். உள்ளே மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கள் மதியம் அதே மாதிரி நாற்காலிகள் நகர்ந்தன. ஒவ்வொருவராக எழுந்து வாசல் பக்கம் போவது கடைக்கண்ணில் தெரிந்தது. இன்னொரு கேக் என்று நினைத்தேன். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கூப்பிடாத இடத்துக்குப் பின்னாலேயே ஓட நான் என்ன நாய்க்குட்டியா என்று வேண்டுமென்றே தலையைக் குனிந்துகொண்டேன். யாராவது ஒருத்தர் வந்து தோளைத் தொட்டால் எழுந்திருப்பது, இல்லாவிட்டால் இல்லை என்று எனக்குள் ஒரு வைராக்கியம். யாரும் தொடவில்லை.

அப்போது என் திரையில் இருந்தது என்ன தெரியுமா? எரிந்துபோன ஒரு கிடங்கின் கோப்பு. எச்சரிக்கை மணி இருந்ததா, ஒலித்ததா, ஒலித்தபோது உள்ளே யாரும் இருந்தார்களா என்று நான் அவர்களுக்குக் கேள்வி எழுதிக்கொண்டிருந்தேன். நீ சிரிக்கலாம், நானும் நேற்று சிரித்தேன்.

கருகல் வாடை வந்தது. எரிந்த படங்களையே பார்த்துப் பார்த்து மூக்கும் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு விளக்குகள் அணைந்தன, கணினி அணைந்தது. எழுந்து திரும்பினால் மாடிப்படிக் கதவுப் பக்கம் புகை. எந்தப் படி பக்கம் போனார்கள், மேலேயா கீழேயா, ஒன்றும் தெரியவில்லை. "யாராவது இருக்கீங்களா" என்று கத்தினேன். யாராவது பதில் சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

புகைக்குள் இருந்து தீயணைப்பு வீரர் ஒருவர் வந்தார். முகம் முழுக்க முகமூடி. கத்துகிறார் என்பது தோளும் கையும் துடிப்பதில் தெரிந்தது, ஆனால் படிப்பதற்கு உதடு இல்லை. "முகமூடியக் கழட்டுங்க, எனக்குக் காது கேக்காது, என்ன சொல்றீங்கன்னு புரியல" என்று அந்த மனிதரிடம் சண்டை போட்டேன். புகைக்குள் நின்றுகொண்டு அவர் எப்படிக் கழட்டுவார்? மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். கீழே முற்றத்தில் எங்கள் அலுவலகம் முழுக்க வரிசையாக நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை.

எங்கள் மாடியில் எல்லோரும் இறங்கிவிட்டதாகச் சொல்லியிருந்தவர், கணக்குப் பிரிவில் இருக்கும் மீசை அண்ணன். ஆபத்துக் காலத்தில் மாடியைச் சரிபார்த்து எல்லோரையும் இறக்குவது அவர் பொறுப்பு. வாசலில் நின்று, உள்ள யாராவது இருக்கீங்களா என்று பலமாகக் குரல் கொடுத்தாராம். பதில் வரவில்லையாம். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன், எப்படி வரும்? முற்றத்தில் அவர் என்னைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அந்தப் பணியாளர் பிரிவு அதிகாரி, சிரிப்பு மேடம், வீட்டுக்கே வந்தார். பழங்கள், பிஸ்கட், கூடவே தட்டச்சு செய்த ஒரு தாள். அதில் இருந்தது இது: "மணி ஒலித்ததை அறிந்தும், வேலையில் மூழ்கியிருந்த காரணத்தால் நான் இருக்கையை விட்டு எழவில்லை. தவறு என்னுடையது." கீழே என் கையெழுத்துக்கு இடம். "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தாம்மா. இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்ககிட்ட காட்டணும். போட்டுட்டா விஷயம் முடிஞ்சுது" என்றார். நான் அன்றைக்கே விளக்கு கேட்டேனே என்றேன். "எப்பம்மா கேட்ட? எழுத்துல இருக்கா?" என்று சிரித்தார். அந்தக் கேள்வி மட்டும் தெளிவாகப் புரிந்தது.

எழுந்து போகும்போது ஒன்று சொன்னார். "உங்க யுனிவர்சிட்டில இருந்து இன்னொரு பொண்ணையும் எடுக்கலாம்னு இருக்கோம். இந்த நேரத்துல இதப் பெரிசு பண்ணினா மேல இருக்கறவங்க யோசிப்பாங்க இல்லையா?" என்னுடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதமும் இந்த மாதம்தான் வர வேண்டும் என்பதையும் அன்பாக நினைவுபடுத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் தாள் அவர் மேசைக்குப் போக வேண்டும்.

நம் 'எழுத்துல வாங்கு' மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். சட்டப்படி விளக்கு வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை, வாயால் கேட்டாலும் கேட்டதுதான் என்று பதில் போட்டார். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் முடிவு, உனக்காக அதை நான் எடுக்க மாட்டேன் என்றும் எழுதியிருந்தார். எனக்கு என் வேலை பெரிசு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் இடமும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் உன்னைக் கேட்காமல் நான் ஒன்றும் செய்யப்போவதில்லை.

உடனே எழுது. கோபத்தை எல்லாம் சேர்த்து எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
செவிட்டுப் பிசாசு.


வெள்ளிக்கிழமை, மாலை.

வக்கீலம்மா,

உன் பதில் வந்தது. பக்கம் பக்கமாக வாதம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். நாலு வரி. "போட்டுடு டி. ஒரு கையெழுத்துதானே. எனக்கு அந்த வேலை வேணும். அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போனா நான் அவ்வளவுதான். எனக்காகப் போடு."

இதை எழுதியது நீதானா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீ சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தர ஒத்துக்கொண்ட ஆள் கடைசி நேரத்தில் வராமல் ஒரு வருஷம் போனபோது, தேர்வு அலுவலர் அறை வாசலில் தடியைக் குறுக்கே வைத்து உட்கார்ந்துகொண்டு, அவரை வீட்டுக்குப் போகவிடாமல் செய்தவள் நீ. நான் பயந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

உன்னைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. உன் அண்ணன் வீட்டை நானும் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர். டம்ளரைக்கூட உன் கையில் வைத்து விரலை மடக்கிவிடுவார். நீ எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, "அவ சாப்பிட்டாளா, அவளுக்குத் தூக்கம் வருதா" என்று அண்ணியிடம் கேட்பார். உனக்கு எதுக்கு வேலை, நாங்க இல்லையா என்று அவர் ஆசையாகச் சொல்லும்போது உன் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. அந்த வீட்டில் ஒரு மூலையில் உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். நீ பயப்படுவது அந்தப் பத்திரத்துக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் நான் போடவில்லை.

இன்று காலை அந்தத் தாளை வெறுமனே திருப்பிக் கொடுத்தேன். கூடவே நானே எழுதிய ஒன்றைக் கொடுத்தேன். எனக்குக் காது கேட்காது என்பது இந்த நிறுவனத்துக்கு எடுத்த நாளிலிருந்தே தெரியும், மணி ஒலித்தது எனக்குத் தெரியாது, விளக்கு கேட்டிருந்தேன், வைக்கவில்லை. என்னென்ன வேண்டும் என்பதையும் எழுதினேன். விளக்கு வேண்டும், மாடியை விட்டு இறங்கும்போது என்னைத் தொட்டு எழுப்ப ஒரு ஆள் வேண்டும், கூட்டங்களில் பேசுவதை யாராவது எழுதித் தர வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கினேன்.

சிரிப்பு மேடம் முதல் முறையாகச் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணப் பத்தி யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார். சிரிப்பு இல்லாத உதடு, ஒரு எழுத்து விடாமல் படிக்க முடிந்தது.

யோசித்தேன் டி. உன்னைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். இப்போது சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். கோபம் ஆறியதும் எழுது, சொல்கிறேன்.

உன்,
பிசாசு.


ஞாயிற்றுக்கிழமை,
மழை.

என் அன்புக்குரிய வக்கீலம்மாவுக்கு,

நீ எழுதவில்லை. வாரங்கள் ஓடிவிட்டன. இடையில் நான் அனுப்பிய குட்டிக் கடிதங்களையெல்லாம் அந்தக் குரல்காரி படித்தாளா, இல்லை அவள் வாயைத் திறக்கும்போதே அடைத்துவிட்டாயா தெரியவில்லை. இதையாவது கடைசிவரை படிக்க விடு.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். என் வேலையை நிரந்தரமாக்கவில்லை, ஆறு மாதம் இன்னும் பார்க்க வேண்டுமாம். தீ பாதுகாப்பு அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள், நிறுவனத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். நிறுவனம் அதை மீசை அண்ணன் தலையில் இறக்கி அவருக்கு ஒரு மெமோ கொடுத்தது. அவர் பதினெட்டு வருஷமாக அங்கே இருக்கிறவர், எல்லோருக்கும் வேண்டியவர். அன்றிலிருந்து என் மேசைப் பக்கம் யாரும் வருவதில்லை. பக்கத்து இருக்கைக்காரி என்னைப் பார்த்தால் திரையைப் பார்க்கிறாள். ஒரு நாள் தைரியமாக டப்பாவை எடுத்துக்கொண்டு நீள மேசைக்குப் போனேன். பேச்சு நின்றது. எனக்கு எப்போதும் பேச்சு கேட்காதுதான், ஆனால் வாய்கள் மூடுவது தெரியுமே. சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேயே இருந்தேன். எழுந்து போனால் இனி அந்த மேசைக்கு வரவே முடியாது என்று தோன்றியது.

விளக்கு வந்துவிட்டது. மேசை ஓரத்தில் சின்னதாக, மணி அடித்தால் சிவப்பாக மின்னுகிறது. போன செவ்வாய் ஒத்திகை வைத்தார்கள். அது மின்னியதும் எனக்கு உடம்பு வேர்த்துவிட்டது. நிமிர்ந்தால் எதிரே மீசை அண்ணன். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பை மட்டும் விரலால் தொட்டுவிட்டு நின்றார். நான் எழுந்து நடக்கும் வரை நின்றார், கடைசிப் படி வரைக்கும் பின்னாலேயே வந்தார். கீழே போனதும் கூட்டத்துக்குள் போய்விட்டார். நான் நன்றி சொல்வதற்குள் முதுகு காட்டிவிட்டார்.

நான் ஏன் போடவில்லை என்று சொல்கிறேன் என்றேன். சொல்லிவிடுகிறேன்.

சிரிப்பு மேடம் அந்தத் தாளைக் கொடுத்த மறுநாள் உன் பதிலும் வந்துவிட்டது. போட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். உனக்காக ஒரு பொய் எழுத எனக்கு என்ன வந்தது? பேனாவை எடுத்துக்கொண்டுதான் வியாழக்கிழமை அலுவலகம் போனேன். மேல் மாடிகளை அன்றுதான் திறந்துவிட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசிப் பிரிவுக்குப் போனேன். காலியாகப்போகிற இடம் எது என்று கேட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நீ உட்காரப்போகிற நாற்காலி எப்படி இருக்கிறது என்று ஒரு ஆசை, அவ்வளவுதான். நல்ல நாற்காலி, முதுகுக்கு இதமாக இருந்தது.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு எழுந்து மாடிப்படிக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்க் கேன் வைத்திருக்கும் மேசையில் இடுப்பை இடித்துக்கொண்டேன். அடுத்து அட்டைப்பெட்டிகள். அதைச் சுற்றிப் போனதில் திசை தப்பி, கதவு என்று நினைத்து அலமாரியைத் தடவிக்கொண்டு நின்றேன். என்னைவிட நீ கெட்டிக்காரி, தடியோடு ஒரே நாளில் பழகிவிடுவாய், தெரியும். உனக்கு மணி கேட்கும், அதுவும் தெரியும். ஆனால் காதை அடைக்கும் தொலைபேசிக் கருவியை மாட்டிக்கொண்டு யாரோ ஒருவரின் அழுகையைக் கேட்டு எழுதிக்கொண்டிருப்பாய் நீ. திடீரென்று கத்தல், ஓட்டம், புகை. யாரோ நாற்காலிகளை வழியில் தள்ளிவிட்டு ஓடியிருப்பார்கள். தடி எங்கே விழுந்ததோ. வாசலில் ஒருத்தர் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, எல்லாரும் எறங்கிட்டாங்க என்று கீழே போய்ச் சொல்லுவார். பிறகு உன் அண்ணனிடம் ஒரு தாளைக் காட்டுவார்கள்: மணி ஒலித்ததை அறிந்தும்.

நான் போட்டிருந்தால் அவர்களிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்ததாக ஆகியிருக்கும். ஒன்றும் மாறியிருக்காது. அதே மாடிக்கு உன்னை நான் கூப்பிட்டிருப்பேன். என்னால் முடியவில்லை டி. நீ அண்ணன் வீட்டு மூலையில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க என்னைச் சபித்தாலும் பரவாயில்லை, இருந்து சபி என்று தோன்றிவிட்டது.

இதை நீ ஏற்றுக்கொள்ள வேண்டாம். உன்னைக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, கேட்டு, நீ சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தேன். அந்தக் கோபம் நியாயம்.

இப்போது கேள். நம் மேடம் விடவில்லை. நிறுவனத்துக்குக் கடிதத்தின் மேல் கடிதம் போட்டு, போய் நேரிலும் உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தை நம் பல்கலைக்கழகத்துக்கென்று ஒதுக்க மாட்டார்களாம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் உன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு. உனக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்கிறார்கள், இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. வழியில் இருந்த அட்டைப்பெட்டிகளை எடுத்துவிட்டார்கள், நானே போய்ப் பார்த்தேன். கிடைக்கும் என்று நான் சொல்ல முடியாது. எத்தனையோ பேர் வருவார்கள். கிடைக்காமல் போனால் அதில் என் பங்கு உண்டு.

ஆனால் நீ வரப்போவதில்லை என்று மேடத்திடம் சொல்லிவிட்டாயாம். "அவ இருக்கற ஆபீசுக்கு நான் வரல" என்றாயாம். மேடம் அதை எனக்கு எழுத ரொம்ப யோசித்திருக்கிறார். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

நான்தான் தடை என்றால் சொல். தொலைபேசிப் பிரிவுப் பக்கமே வர மாட்டேன். நீ வருகிற வழியில் நிற்க மாட்டேன். உனக்கு என் காலடி ஓசை தெரியும் என்பதால் சுற்றிப் போகிறேன். எனக்குத் தோழியாக வர வேண்டாம். அந்த வேலை உனக்கு வேண்டும், அதற்காக வா. அண்ணனிடம் வாதாடி, பேருந்து ஏறி, அந்தக் கோணல் தடியோடு வந்து, உனக்கு என்ன வேண்டுமோ அத்தனையும் எழுதிக் கொடுத்து, அத்தாட்சி வாங்கிக்கொண்டு, தேர்வில் அவர்கள் வாயை அடைத்துவிட்டுப் போ.

போவதற்கு முன் மனசு இருந்தால் ஒன்று செய். அதே மாடியில் இந்தக் கோடிக்கு நடந்து வா. வழியில் இப்போது ஒன்றும் இல்லை. என் எதிரே நின்று, அவசரப்படாமல், இத்தனை வாரம் அடக்கி வைத்திருப்பதையெல்லாம் திட்டு. என்ன வார்த்தை வேண்டுமானாலும் சொல். உன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கப்போகும்,
உன் செவிட்டுப் பிசாசு.